அரிசி அளவு, விளிம்பில் கறுப்பு

மார்ச் 4, செவ்வாய்

நாற்காலிச் சக்கரம் மறுபடியும் கழன்றுவிட்டது. அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் படியேறி வந்து புகார் கொடுக்க மாட்டார்கள் என்று மேலே யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். சரியான கணக்குதான். சக்கரம் இருந்த இடத்தில் பழைய மருத்துவ இதழ் ஒன்றை மடித்து வைத்தேன். அந்த இதழ் இந்த வருடம் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

நாத்தனார் போன் செய்தாள். முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நீ என்னதான் டாக்டரோ" என்றாள். இருபத்தாறு வருடமாக இதே கேள்வி. உடம்பிலிருந்து வெட்டி அனுப்பும் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இது இன்னது என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. நோயாளிகளை நான் பார்ப்பதில்லை. துண்டு அழாது, குறுக்கே பேசாது, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லாது.

இவர் ஓய்வு பெற்ற கையோடு ரொட்டி சுடக் கற்றுக்கொண்டிருக்கிறார். என் ரிப்போர்ட் பாஷையில், பெறப்பட்டது: ஒழுங்கற்ற வடிவில் ஒரு கடினமான கட்டி, 18 × 11 × 6 செ.மீ. மேற்பரப்பில் வெடிப்புகள். வெட்டிப் பார்த்ததில் நடுப்பகுதி வேகவில்லை. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 5, புதன்

குழந்தைகளுக்கு ஆப்பரேஷன் செய்யும் டாக்டரை எங்கள் பிரிவில் சிக்கனம் என்போம். கத்தியில் தாராளம், பேனாவில் சிக்கனம். இன்று ஒரு பயாப்சி அனுப்பியிருந்தார். சீட்டில் "ஈறு. வீக்கம்." அவ்வளவுதான். பெண் குழந்தை, நான்கு மாதம். மேல் ஈறா கீழ் ஈறா, எத்தனை நாளாக, என்ன நிறம், ஒன்றும் கிடையாது. போன் செய்தேன். ஆப்பரேஷன் தியேட்டரில் இருக்கிறாராம். விட்டுவிட்டேன்.

துண்டு அரிசி அளவுதான். இந்த மாதிரிச் சின்னத் துண்டுகளை நேராக மெழுகக்காவே வாங்கிக்கொள்வார். துண்டுகளை மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடியில் ஏற்றித் தருகிறவர் அவர். என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கே அக்கா. துண்டு மெழுகுக்குள் தொலைந்துபோகாமல் இருக்க அதன் மேல் ஒரு பொட்டுக் கறுப்பு மை வைப்பது எங்கள் வழக்கம். நான் கொண்டுவந்த வழக்கம். வேறு எங்கும் இவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

மார்ச் 6, வியாழன்

ஈறு ஸ்லைடாகி வந்துவிட்டது. நல்ல செய்தி இல்லை.

கடுகைக் கொட்டி வைத்ததுபோல் சின்னச் சின்ன நீல உருண்டைச் செல்கள். குழந்தைகளுக்கு இப்படி வரும் கட்டிகள் ஒரு பெரிய குடும்பம். எல்லாவற்றுக்கும் ஒரே முகஜாடை, எல்லாம் பொல்லாதவை. எது என்று பிரித்துச் சொல்லச் சிறப்புச் சாயங்கள் போட வேண்டும். போடச் சொல்லியிருக்கிறேன்.

ஓரத்தில் மெழுகக்காவின் மை. இந்த முறை கை கொஞ்சம் தாராளம். உள்ளேயும் இறங்கியிருக்கிறது. சொல்ல வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

நரம்புச் செல்லுக்கான சாயம் அழகாகப் பிடித்திருக்கிறது. நரம்புச் செல்லிலிருந்து வரும் புற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் மாடியில் குழந்தைகளின் புற்றுநோயைப் பார்க்கும் டாக்டர், என் பெண் வயதுதான் இருக்கும், உடனே போனில் வந்தாள். ஸ்கேன் எடுக்கச் சொல்கிறேன் மேடம் என்றாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வழக்கமில்லை. யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறதாம்.

மார்ச் 9, ஞாயிறு

ரொட்டி. 20 × 12 × 4. உயரம் குறைந்திருக்கிறது. மனம் தளரவில்லை, அவருக்கு.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்தாம் மாடி கூப்பிட்டது. ஸ்கேனில் வேறெங்கும் ஒன்றும் இல்லை. "வயித்துல ஒண்ணும் இல்ல மேடம். இது வழக்கமா அங்கதானே ஆரம்பிக்கும்? ஆனா உங்க ரிப்போர்ட் தெளிவா இருக்கு." வீக்கம் ஒரே வாரத்தில் நன்றாகப் பெருத்துவிட்டது. குழந்தையால் பால் சப்ப முடியவில்லை. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது, திங்கட்கிழமை மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். நான்கு மாதக் குழந்தைக்கு அந்த மருந்து என்னென்ன செய்யும் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. படித்திருக்கிறேன்.

ரிப்போர்ட் தெளிவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். இன்று எடுக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் கதவைத் தட்டினார் ஒருவர். எங்கள் கதவை யாரும் தட்டுவதில்லை. தெரிந்தவர்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள், தெரியாதவர்கள் பிணவறை என்று நினைத்துத் திரும்பிப் போவார்கள். முதுகில் பை, கையில் ஹெல்மெட். ஈறு குழந்தையின் அப்பாவாம். இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "பார்சல் கொண்டுபோற ஆள் மேடம் நான். விலாசம் கண்டுபிடிக்கறதுதான் என் பொழப்பு" என்றார்.

உட்காரச் சொல்ல இருக்கிறது ஒரே நாற்காலி, அதுவும் இதழின் மேல் நிற்கிறது. இருவரும் நின்றோம். வைத்தியத்தைப் பற்றி மேலே எல்லாம் சொல்லிவிட்டார்களாம். அவருக்கு வேறு ஒன்று கேட்க வேண்டும். மேலே கேட்க வெட்கமாக இருந்ததாம்.

"மூத்தவ ஸ்கெட்ச் பேனாவ பாப்பா வாயில வச்சுட்டா மேடம். அந்த மையாலதான் இது வந்துச்சா?"

இல்லை, மையால் எந்தக் கட்டியும் வராது, நிம்மதியாகப் போங்கள் என்றேன். அவர் போகவில்லை. ஹெல்மெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஈறு கறுத்துக் கிடந்துச்சு. கருநீலமா. துணிய நனைச்சுத் தொடச்சுப் பாத்தேன், போகல. மூத்தவள அடிச்சுட்டேன் மேடம். அஞ்சு வயசு. நான் இல்லப்பா, நான் இல்லப்பான்னு அழுதா. அன்னிலேருந்து பேனாவே தொடறதில்ல."

கறுப்பு பயாப்சிக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"முன்னாடியே. அதப் பாத்துத்தானே ஆஸ்பத்திரிக்கே வந்தோம்."

அவரை எப்படி அனுப்பினேன் என்று நினைவில்லை. மரியாதையாகத்தான் அனுப்பியிருப்பேன்.

ஸ்லைடை எடுத்தேன். ஓரத்துக் கறுப்பை முதல் முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மை துண்டின் மேல்தான் படியும், பூச்சு மாதிரி. வெடிப்பு இருந்தால் அதற்குள் வழியும். செல்லுக்குள் போகாது. போகவே முடியாது. இது உள்ளே இருந்தது. செல்லுக்குள், பொடிப்பொடியாக, ஒழுங்காக—

கண்ணு பிடரியிலயா இருந்துச்சு உனக்கு? பாத்தியே, பாத்துட்டுத்தானே அக்கா கை தாராளம்னு எழுதின? அந்த மனுஷன் ஈரத்துணியால தொடச்சாவது பாத்தான். நீ அதக்கூடப் பண்ணல.

மெழுகக்காவிடம் அந்தத் துண்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். "பாதி கறுப்பாத்தான் இருந்துச்சு டாக்டர். ரத்தம் கட்டியிருக்குன்னு நெனச்சேன்" என்றார். மை வைத்தீர்களா? வைத்தாராம், வழக்கம்போல. அப்படியானால் மையும் இருக்கிறது. பார்வையால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. உடம்பு தானே செய்துகொள்ளும் கறுப்பை, தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே கறுப்பை, வெளுக்கும் மருந்தில் போட்டால் வெளுத்துவிடும். மை என்பது கரி. எதில் போட்டாலும் கரிதான். அக்கா புதிதாக ஒரு சீவல் எடுத்தார். மருந்தில் போட்டுவிட்டு இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று அப்படியே நின்றது. மை. மற்ற எல்லாக் கறுப்பும் போய்விட்டது. போன இடத்தில், அதுவரை மறைந்துகிடந்த பெரிய வெளிறிய செல்கள், சின்ன நீலச் செல்களைச் சுற்றி வேலி கட்டியதுபோல் நின்றன. இரண்டு வகைச் செல்கள். நான் பார்த்தது ஒரு வகையை மட்டும்.

கைக்குழந்தைகளின் மேல்தாடையில் வரும் நிறமிக் கட்டி. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம். தேர்வுக்குப் படித்தேன், கேள்வி வரவில்லை, மறந்துவிட்டேன். கிடுகிடுவென்று வளரும், எலும்பைத் தின்னும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அநேகமாக உடம்பில் பரவாது. முழுசாக வெட்டி எடுத்தால் போதும். மருந்து வேண்டியதில்லை.

ஐந்தாம் மாடிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமையை நிறுத்துங்கள், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"எவ்ளோ தப்பு மேடம்?"

"மருந்தே வேண்டாம்ங்கற அளவு."

கறுப்பு என்றால் அந்தப் பெரிய பொல்லாத தோல் புற்றாக இருக்குமா என்று கேட்டாள். இல்லை என்றேன். நிச்சயமாகவா என்றாள்.

"போன வாரமும் நிச்சயமாத்தான் இருந்தேன்."

மார்ச் 15, சனி

மீதிச் சாயங்களும் வந்துவிட்டன. பெரிய செல்கள் பிடிக்க வேண்டிய சாயத்தைப் பிடித்திருக்கின்றன. வேறு ஊரில், இந்தக் கட்டியை முன்பே இரண்டு முறை பார்த்திருக்கும் பேராசிரியர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். பதில் வந்தது: "ஆமாம், அதேதான். கறுப்பை எப்படி விட்டீர்கள்?" முதல் பாதிக்கு நன்றி எழுதினேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டே கேட்டார். "நல்லவேளை, இன்னிக்கு சனிக்கிழமை" என்றார். அதற்காகவே அந்த ரொட்டியை முழுதும் சாப்பிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

மருந்து ஏற்ற வேண்டிய நேரத்தில் சிக்கனமும் ஐந்தாம் மாடியும் நானும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சிக்கனம் ஈறு கறுப்பாக இருந்ததைப் பார்த்திருக்கிறார். ரத்தக்குழாய்க் கட்டி என்று நினைத்தாராம். ஐந்தாம் மாடி பயாப்சி எடுத்ததில் கன்றிப்போயிருக்கிறது என்று நினைத்தாளாம். மெழுகக்காவுக்கு ரத்தம், அப்பாவுக்கு ஸ்கெட்ச் பேனா, எனக்கு மை. ஆளுக்கு ஒரு விளக்கம் கைவசம் இருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை.

சிக்கனம் ஸ்கேன் படத்தை நகர்த்திக் காட்டினார். ஈறோடு எலும்பும் எடுக்க வேண்டும், இன்னும் முளைக்காத பற்களின் மொட்டுகள் குறைந்தது இரண்டு போகும். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவை சரிதானே?"

கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. சரி என்றேன். தப்பான மருந்தைத் தடுத்துவிட்டு, இப்போது ஒரு பச்சைக் குழந்தையின் தாடையை வெட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது முறையும் தவறியிருந்தால்? அதற்குச் சோதனை ஒன்றும் கிடையாது. பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 19, புதன்

பிரிவுத் தலைவர் விளக்கம் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர். வழியையும் அவரே சொன்னார்: "சீட்டுல நிறத்தப் பத்தி எழுதலன்னு போட்டுடுங்க. உண்மைதானே." உண்மைதான். சிக்கனத்தின் இரண்டு வார்த்தைகளை நினைத்துப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது.

"கறுப்பைப் பார்த்தேன். மை என்று எண்ணிப் பெரிதாக்கிப் பார்க்காமல் விட்டேன்" என்று எழுதிக் கொடுத்தேன். சிக்கனத்துக்குப் போட்டியாகச் சுருக்கமாக வந்துவிட்டது. பழைய ரிப்போர்ட்டை அழிக்க முடியாது. குறுக்கே கோடு போட்டு, அதன் கீழே திருத்தம். யார் திறந்தாலும் இரண்டிலும் என் பெயர்.

செய்யாத தப்புக்கு அந்த மூத்த பெண் அடி வாங்கியிருக்கிறாள். செய்த தப்புக்கு எனக்கு ஒரு கடிதம். நியாயமாக இல்லை.

ஏப்ரல் 2, புதன்

ஆப்பரேஷன். ஆறு மணி நேரம் ஆகியும் கீழே ஒன்றும் வரவில்லை. நான் இரண்டு குடல்வாலும் ஒரு பித்தப்பையும் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்கக் கூடாது.

சாயங்காலம் பாட்டில் வந்தது. இந்த முறை மெழுகக்காவிடம் கொடுக்கவில்லை, நானே எடுத்தேன். வெட்டிய விளிம்பு எது என்று தெரிய அதற்கு நிறம் பூச வேண்டும். அக்கா மை அலமாரியைத் திறந்துகொண்டு நின்றார். "என்ன கலர் டாக்டர்?" என்றார். கறுப்பு தவிர எது வேண்டுமானாலும் என்றேன். மஞ்சள் எடுத்துக் கொடுத்தார். கறுப்புப் புட்டி அலமாரியிலேயே இல்லை.

பெறப்பட்டது: மேல்தாடையின் ஒரு பகுதி, 3.1 × 2.4 × 2 செ.மீ. வெட்டுப் பரப்பு கருநீலம், பளபளப்பு. உள்ளே பதிந்து இரண்டு பல் மொட்டுகள், வெள்ளை. அரிசியைவிடச் சின்னவை. அவற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ரிப்போர்ட்டில் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அதேதான். இரண்டு வகைச் செல்களும். சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

விளிம்புகளில் கட்டி இல்லை. பின்பக்க விளிம்புக்கு மட்டும் மிக அருகில் வந்து நிற்கிறது, முடியிழை இடைவெளி. இது திரும்பி வரக்கூடிய சாதி. வருவதென்றால் முதல் சில மாதங்களில் வந்துவிடும். எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், கழிப்பறைக்குப் போய் அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்து இன்றைய பித்தப்பையைத் தொடர்ந்தேன்.

ஜூன் 19, வியாழன்

குழந்தையைச் சோதனைக்குக் கூட்டிவந்தார்களாம். ஒன்றும் இல்லையாம். ஐந்தாம் மாடி தானாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிக்கனம் கெட்டுப்போய்விட்டார். இன்று ஒரு சாதாரணக் குடல்வாலுக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். நிறம், வாடை, எந்தப் பக்கம் வளைந்திருந்தது, குழந்தையின் அத்தைக்கும் இதே வியாதி இருந்தது. படித்து முடிக்கக் குடல்வாலைப் பார்ப்பதைவிட அதிக நேரம் ஆயிற்று. பிழை ஒன்றும் இல்லை. பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

ரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுப்பகுதி வெந்திருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

மதியம் கதவைத் தட்டினார்கள். தட்டிய விதத்திலேயே தெரிந்தது.

பார்சல்காரர், இடுப்பில் குழந்தை, அவருக்குப் பின்னால் கையை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு மூத்தவள். சோதனை முடிந்துவிட்டதாம், மேலே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம். "இங்கயும் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். இங்கே காட்டுவதற்கு யாரும் வருவதில்லை, அதற்கு இடமும் இல்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். சக்கரம் போட்டுவிட்டார்கள், செப்டம்பரில்.

அவர் மூத்தவளை முன்னால் தள்ளினார். "கேளு, நீயே கேளு" என்றார். நான் எவ்வளவோ சொல்லிவிட்டேன், நம்பமாட்டேன் என்கிறாள் மேடம் என்றார். அவள் என் செருப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் பேனா வச்சதாலயா?"

குனிந்தேன். என் முழங்காலும் இப்போது வலிக்கிறது, நாத்தனாரிடம்தான் மாத்திரை கேட்க வேண்டும். "இல்லம்மா. நீ வைக்கவே இல்ல. அது உள்ளேர்ந்து வந்த கறுப்பு. உங்கப்பா மைன்னு நெனச்சாரு. நானும் மைன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் தப்பு. அன்னிக்கு நான் இல்லன்னு நீ சொன்னதுதான் சரி" என்றேன். இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. அவள் யோசித்தாள். பெரியவர்கள் இரண்டு பேர் தப்பு என்பது அவளுக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டாள்.

குழந்தையை என்னிடம் கொடுத்தார்கள். கொடுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டேன்.

பெறப்பட்டது: ஒரு பெண் குழந்தை, பதினோரு மாதம். எடை, என் கைக்கு அதிகம். மேலுதட்டுக்குள் மெல்லிய தழும்பு. மேல் ஈறு இளஞ்சிவப்பு, மழமழவென்று, எங்கும் கறுப்பு இல்லை. முன்பக்கம் பல் வராத ஓர் இடைவெளி. அதன் பக்கத்தில் ஒரு பல், வெள்ளை, கூர்மை. என் விரலில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

இடது மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பு. வட்டம், அதற்குள் இரண்டு கோடு. கைக்கடிகாரமாம். "காலைல நான்தான் வரைஞ்சேன்" என்றாள் மூத்தவள். அவர்கள் போன பிறகு பார்த்தால் என் கட்டைவிரலிலும் அது ஒட்டியிருந்தது. விளக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். பிறகு ஈரத்துணியால் துடைத்தேன். போய்விட்டது.

முடிவு: மை.